காதுவில்லை எண் 4471

செவ்வாய்ச் சந்தையில் ஏற்றிய பதினெட்டில் ஒன்று
கோபாலபுரம் செக்போஸ்ட் வரிசையில்
நின்றபடியே செத்தது.
சைதலவி கயிற்றை அறுத்து
பின்கதவைத் திறந்து தள்ளிவிட்டான்.
விழுந்த இடம் தகராறு:
தலை பொள்ளாச்சித் தாலுகா,
வால் சித்தூர்.

மகஜர் எழுதினேன்.
செவலை. வலக்கொம்பில் பாதி உதிர்ந்த நீலப் பெயிண்ட்.
இறந்த நேரம் காலை பத்து இருபது.
பேனாவை மூடுமுன் கண்ணோரம் முதல் ஈ.
பத்து இருபத்தாறு.
அதையும் குறித்துக்கொண்டேன்,
எந்தப் பத்தியில் சேரும் என்று தெரியாமல்.

பச்சையா நீலமா என்று முடிவு செய்யாத முதுகு,
செங்கல் நிறக் கண்.
மூக்குத் துளை, வாயோரம், கயிறு அறுத்த புண்.
ஈரமும் நிழலும் எங்கே என்று
யாரையும் கேட்கவில்லை அவள்.
துருவிய தேங்காய் சிந்தினாற்போல
இருநூற்றைம்பது வைத்துவிட்டுப் பறந்தாள்.

சாயங்காலம் அந்தப் பக்கத்திலிருந்து ரதீசன் வந்தார்.
'தல நிங்ஙளுடேதல்லே மேடம்?'
'வால் உங்களுதுதானே சார்?'
குழி வெட்டக் கூலி பேசி நின்ற ஆறுக்குட்டி
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு
கள்ளுக்கடைக்குப் போய்விட்டான்.

விடிவதற்குள் முட்டை வெடித்திருந்தது.
நொய்யரிசி போல இருந்தவை
மூன்று நாளில் இருமுறை தோலுரித்து
விரல்நுனிப் பருமன் ஆயின.
வாயில் இரண்டு கொக்கி,
மூச்சு விடுவதோ பின்புறத்தால்.
தலை தூக்கவே வேண்டியதில்லை.
ஒரு வேலையை இப்படிச் செய்ய
எனக்கு யாரும் விட்டதில்லை.

விலாவில் தெர்மாமீட்டரைச் செருகினேன்.
நாற்பத்திரண்டில் முட்டி நின்றது பாதரசம்.
உயிரோடு இருந்திருந்தால்
ஊசி போட்டிருப்பேன்.

அன்று இரவு ஷிப்டில், ரசீதுப் புத்தகத்தின் முதுகில்:
இருநூற்றைம்பதில் பாதி பெண்.
அவர்கள் பெறுவது முப்பத்தோராயிரத்து இருநூற்றைம்பது.
அதில் பாதி பெண்.
அவர்கள் பெறுவது முப்பத்தொன்பது லட்சத்து
ஆறாயிரத்து இருநூற்றைம்பது.
இரண்டு மாதம்கூட ஆகாது.
அதற்கு மேல் பேனா போகவில்லை.
இவ்வளவும் பிழைத்திருந்தால்
இரண்டு மாநிலமும் ஒரே ஈயாய் இருந்திருக்கும்,
எல்லைத் தகராறும் தீர்ந்திருக்கும்.

பிழைக்கவில்லை.
கட்டெறும்பு ஒரு பக்கம் இழுத்தது.
மைனா வந்து பொறுக்கியது.
உடம்பெல்லாம் முள் முளைத்த வேறொரு புழு
மாட்டை விட்டு, பக்கத்தில் கிடந்ததைத் தின்றது.
நாலாம் நாள் மழை.
கணக்கில் வராத கைகள்தான்
கணக்கை நேர் செய்கின்றன.

ஐந்தாம் நாள் இரவு போதும் என்று இறங்கின.
லாரி விளக்குக்கு முதுகைக் காட்டி
தார்ரோட்டில் ஊர்ந்தன,
பாதி கிழக்கே, பாதி மேற்கே.
பர்மிட் இல்லை, தடுப்பூசிச் சான்று இல்லை.
டார்ச்சை அணைத்துவிட்டேன்.

தென்னந்தோப்பு மண்ணுக்குள்
தன் தோலையே பெட்டியாக இறுக்கிக்கொண்டு
கருப்பட்டி நிறத்தில் கிடந்தன.
உள்ளே புழு கரைந்து கூழாகி
கால் எது சிறகு எது என்று
மறுபடி முதலிலிருந்து.

பதினோராம் நாள் காலை
நெற்றியில் ஒரு பையை ஊதி மூடியை உடைத்து
மண்ணைத் தள்ளிக்கொண்டு ஒன்று வந்தது.
வெளிறிய சாம்பல், கசங்கிய சிறகு.
அந்தப் பை அதோடு சரி,
ஆயுளுக்கும் வேறு உபயோகமில்லை.
வெயிலில் நின்று கொஞ்சம் கொஞ்சமாய்ப்
பச்சை ஏற்றிக்கொண்டது.

அடுத்த செவ்வாய் கடிதம் வந்தது.
கூட்டு ஆய்வு, இரு தரப்பும் டேப்போடு வரவும்.
அளக்க இருந்தது தோல், விலா எலும்பு,
மஞ்சள் வில்லை.
ரதீசன் வில்லையை வேட்டி நுனியால் துடைத்து
எண்ணை வாசித்தார், நான் டிக் போட்டேன்.

உடல் அப்புறப்படுத்தப்பட்டதா: ஆம்.
செலவு: இல்லை.
அப்புறப்படுத்தியவர் பெயர், முகவரி:

அந்த இடத்தில் பேனா நின்றது.
பின்னால் வரிசையில் ஹாரன்.