பேருந்து திரும்பும் இடம்

ஸ்கீர்மொனிகோக்.
பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்
தீவே முடிந்துவிடும்.
கிழக்கே தார்ச்சாலை அறுந்து
சரளைக்கல் வட்டமாய்க் கிடக்கிற இடத்தில்
ஹில்கே பேருந்தைத் திருப்புவார்,
ஒற்றைக் கையால், ஆப்பிள் கடித்தபடி,
பதினாறு வருடமாக.

குளிர்காலம் முழுக்க இந்தப் பக்கம் வண்டி வராது.
ஏப்ரல் இருபத்திரண்டு, பருவத்தின் முதல் ஓட்டம்.
வட்டத்தின் நட்டநடுவே
ஒரு சிப்பிபிடிப்பான் உட்கார்ந்திருந்தது.
கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு,
அடுப்பிலிருந்து அப்போதுதான் உருவிய கம்பிபோல அலகு.
ஹாரன் அடித்தார். அசையவில்லை.
இறங்கிப் போனார்.
எழுந்தது, நாலடி நடந்தது,
திரும்பி நின்று அவரை ஏசத் தொடங்கியது.
கல்லோடு கல்லாக மூன்று முட்டை.

"கடலோரம் இவ்வளவு மணல் கிடக்க
என் டயருக்குக் கீழேயா?" என்றார்.
பிறகு ஏறி உட்கார்ந்து
நானூறு மீட்டரையும் பின்னோக்கியே ஓட்டினார்.
ரிவர்ஸ் கியரின் பீப் பீப்
அதற்குத் தன் இனத்தின் சண்டைக்குரலாகக் கேட்டிருக்க வேண்டும்.
பதிலுக்குப் பதில் சொல்லிக்கொண்டே
கடைசிவரை கூடப் பறந்து வந்தது.

மறுநாள் பூங்காக் காவலர் நீன்கே
நாலு குச்சி நட்டு ஆரஞ்சுக் கயிறு கட்டினாள்.
அட்டை எழுதி மாட்டினாள். மழையில் மை ஓடியது.

நான் வாத்து எண்ணுகிறவள்.
செவ்வாய்தோறும், அணைக்கரை மேல், தொலைநோக்கியோடு.
உப்புப் புல்வெளியில் கருவாத்துகளுக்கு
மேய்வதைத் தவிர வேறு ஜோலி இல்லை.
சைபீரியா வரைக்கும் பறக்க வேண்டியவர்களின் பசி.
பத்துப் பத்தாக எண்ணுவேன்.
சரியாக ஐந்நூறைத் தாண்டும்போது
பூனைப்பருந்து ஒன்று தாழ்ந்து வரும்.
புல்வெளி மொத்தமும் கிளம்பிக் காற்றில் கலைந்து
வேறு கணக்காக இறங்கும்.
மறுபடி பத்து. மறுபடி இருபது.

மே வந்தது. படகு நிறைய ஆட்கள்.
கரண்டிவாயனைத் தேடி
பீரங்கி அளவு லென்ஸோடு வந்த ஓல்டன்பர்க் தம்பதி
கயிற்றுக்கு முன்னாலேயே இரண்டு மணி நேரம் நின்றார்கள்.
அவர்கள் தலைக்கு மேலே
ஒன்பது கரண்டிவாயன்கள் கடந்து போயின.
நான் சொல்லவில்லை.
ஒருத்தி, "கடல்நாய் எங்கே?" என்றாள்.
தூரத்து மணல்திட்டைக் காட்டினேன்.
"அது ஏதோ மூட்டை."
மூட்டைகளில் ஒன்று புரண்டு படுத்தது.
"மூட்டைதான்" என்று சாதித்தாள்.

மே பதினெட்டு. ஓட்டில் கீறல்.
பத்தொன்பது. இரண்டு குஞ்சு,
காய்ந்த பாசி நிறத்தில், கால் மட்டும் பெரிதாக.
மூன்றாவது அப்படியே கிடந்தது.
சாயங்காலம், தாய் முன்னால், தகப்பன் பின்னால்,
கயிற்றுக்கு அடியில் நுழைந்து சாலையைக் கடந்தன.
நடுவழியில் ஒரு கடற்காகம் தாழ்ந்தது.
அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது இரண்டா, ஒன்றா,
புல் மறைத்துவிட்டது.
எண்ணுவது என் வேலை.
எனக்குத் தெரியாது.

அன்று ராத்திரி காற்று தென்மேற்குக்குத் திரும்பியது.
படுக்கையிலிருந்தே கேட்டேன்,
கூரைக்கு மேலே வரிசை வரிசையாகத்
தொண்டையைக் கனைத்துக்கொண்டு போகிற கூட்டத்தை.
விடிந்து அணைக்கரையில் நின்றால்
புல்வெளி முழுக்கக் காலடியும் எச்சமும்.
படிவத்தில் பூஜ்யம் போட்டேன்.
ஓடையோரம் ஒன்று, ஒரு இறக்கை தொங்க,
எதுவும் நடக்காததுபோல மேய்ந்துகொண்டிருந்தது.
பூஜ்யத்தை அடித்து
ஒன்று என்று எழுதினேன்.

ஹில்கே பத்தே காலுக்கு வந்தார்.
குச்சிகளை நீன்கே பிடுங்கிவிட்டிருந்தாள்.
இறங்கி வந்து குழியைப் பார்த்தார்.
"ஒன்று இன்னும் இருக்கே."
"அது பொரிக்காது, ஹில்கே."
"தெரியும்."
ஏறினார்.
பீப் பீப் என்று பின்னோக்கியே போனார்.
எங்கிருந்தோ ஓர் ஆள்காட்டி
அதற்கும் பதில் சொல்லிற்று.