ஏழு மீட்டர்

நாகலூர் வளைவுக்குக் கீழே அந்த வீடு.
முற்றத்தில் மூன்று பிளக் பாயிண்ட் வேண்டும் என்றார்
ஃபிலோமினா அக்கா.
சுவரில் இல்லை. மண்ணில்,
தனித்தனியாய், இடுப்பு உயரத்தில்.

விளக்குக்கா என்றேன். இல்லை.
மோட்டாருக்கா? இல்லை.
காலால் கோடு கிழித்து இடம் மட்டும் காட்டினார்:
சமையலறை வாசல், பேரிக்காய் மரம், கேட்.

ஒன்றரை அடிக்குக் கீழே
மலை தொடங்கிவிடும் இங்கே.
கடப்பாரை பட்டால் பொறி பறக்கிறது.
பாறையைச் சுற்றிச் சுற்றி வளைத்துக்
குழாயைப் படுக்க வைத்தோம்
நானும் வேடியப்பனும்.
கேபிளுக்கு மேலே ஒரு வரிசை செங்கல்.
நாளைக்கு எவனாவது மண்வெட்டியோடு வருவான்,
முதலில் அவனுக்குச் செங்கல் தட்டுப்படட்டும்.

எர்த் குழிக்கு உப்பு, கரி, மறுபடி உப்பு.
"இடி இறங்குற மலைப்பா...
இன்னும் ரெண்டு படி போடு"
ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல்
பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு.
காப்பி எஸ்டேட்டில் முப்பது வருஷம்
பல்பர் மிஷின் பார்த்தவராம், இன்னாசி.
அதற்கப்புறம் அந்தக் குரல் ஓயவில்லை.
எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கினால் போதுமே என்றதற்கு
ஈரப் புல்லிலா என்று ஒரு வசவு.
இரண்டாவது கம்பம் அரை நூல் சாய்ந்திருக்கிறதாம்.
ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்.
சாய்ந்துதான் இருந்தது.

மழைக்கு மூடி போட்ட பெட்டி, ரப்பர் வாஷர்,
கொஞ்சம் கசிந்தாலும் விழுந்துவிடும் பிரேக்கர்.
நாலு நாள் பனிமூட்டம்,
கான்கிரீட்டும் காயவில்லை, சட்டையும் காயவில்லை.

ஐந்தாம் நாள் வெயில் வந்தது.
சக்கரம் வைத்த மிஷின் ஒன்றைத்
தள்ளிக்கொண்டு வந்தார் அக்கா.
பின்னாலேயே, மூக்கில் குழாயோடு,
போன ஆடிக்கு அப்புறம் வாசல் தாண்டாத மனுஷன்.

அப்போதுதான் அந்தக் கோடுகள் எனக்கு விளங்கின.
ஆக்ஸிஜன் குழாய் ஏழு மீட்டர்.

முதல் கம்பத்தில் பிடுங்கி
இரண்டாவதில் மாட்ட
பதினெட்டு விநாடி ஆனது.
அவர் வாய் மூடியிருந்தது அவ்வளவு நேரம்தான்.
மரத்தடியில் நின்று
காயெல்லாம் வவ்வாலுக்குத்தான் விட்டீங்களா என்று
அக்காவிடம் சண்டை.

மூன்றாவது கம்பம்.
கேட்டைத் திறந்தார்.
சேலத்துக்கு இறங்கும் பஸ் ஹாரன் அடித்துப் போனது,
டிரைவருக்குக் கையைத் தூக்கினார்.
இன்னும் ஒரு எட்டு வைக்கப் போனவரைக்
குழாய் விறைத்து இழுத்தது,
ரோட்டுக்கு ஒரு முழம் பாக்கி.

அந்த முழத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
இதற்கு அப்பால் பஞ்சாயத்து இடம்தானே என்றார்.

நான் முறைக்க முறைக்க
வேடியப்பன் டேப்பை விரித்துக்கொண்டிருந்தான்.