ஒரு நாள் முந்தி

உதிரி அறைக் கட்டில் முழுக்க
ஈரச் சால்வையை விரித்து
இருநூற்று எட்டுக் குண்டூசி குத்தியிருந்தேன்.
போதாத இடத்தில் ஹாநுஸின் தூண்டில் முட்கள்.

நாலு மாதம் மடியில் கிடந்தபோது
பிழிந்து போட்ட பாத்திரத் துணிதான் அது.
இழுத்துக் குத்தினால்தான்
ஓட்டைகளுக்கு உருவம் வருகிறது.

புயலென்று கப்பல் நேரத்தை மாற்றிவிட்டார்கள்.
ஒரு நாள் முந்தியே வாசலில் மார்ஜுன்,
கோட்டுக் கழுத்தில் நீலக்கல் ஊசியோடு.
ஹாநுஸின் முதல் மனைவி.
அவர்கள் மகனுக்குத் தோர்ஷவ்னில் கல்யாணம்.
சால்வை அவளுக்கு.
அவளிடம் சொல்லவில்லை.

"அந்த அறையில் பெயிண்ட் காயல."
ஈரம் என்பது மட்டும் உண்மை.

காலை மடக்கிச் சோபாவில் படுத்தாள்.
அவள் வாங்கிய சோபாதான்.

இரவெல்லாம் காற்று தகரத்தைப் பிறாண்டியது.
நாற்பத்தொன்றாம் வரிசையில் தப்பிய கண்ணியை,
பிரிக்க மனமில்லாமல்,
அதே சாம்பல் நூலால் முடிந்து மறைத்ததை
நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

விடிந்து கதவைத் திறந்தால்
கம்பளி காய்ந்திருக்கிறது.
நேற்றுக் கோணியிருந்த மூலை
இன்று நேராக நிற்கிறது.
அதைப் பிடித்திருப்பது என் ஊசியல்ல.
நீலக்கல்.

அடுக்களையில் மார்ஜுன்
இரண்டு கோப்பையில் காபி ஊற்றுகிறாள்.
கோட்டுக் கழுத்து திறந்து கிடக்கிறது.

"பெயிண்ட் காஞ்சிருச்சா?"

"காஞ்சிருச்சு."

என்ன நிறமென்று
அவள் கேட்கவில்லை.