இடப்பக்கம் ஒரு பள்ளம்

டாக்டர் நெஃப்பின் காத்திருப்பு அறையில் கண்ணாடி அலமாரி.
உள்ளே நூற்று நாற்பத்தொரு சுங்கான்.
ஒன்றுகூடத் தீயைப் பார்த்ததில்லை.
கிண்ணத்துக்குள் விரலை விட்டுப் பார்த்திருக்கிறேன்,
தூசி தட்டும் சாக்கில். விரல் கறுக்கவில்லை.
பல் வைத்தியருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு
ஒரு பதில் வைத்திருக்கிறார்:
"நான் வாங்குவது மரத்தின் ரேகையை."

நான் கீழ்த்தளத்தில். பல் செய்பவள்.
நவம்பரில் ஓல்டனுக்குள் பனிமூட்டம் இறங்கினால்
மாசி வரை என் சன்னலுக்கு வெளிச்சமில்லை.
பீங்கான் பொடி, தூரிகை, கையகல உலை,
மேலே யார் வாயிலோ துளைக்கருவி முனகும் சத்தம்.

சூர்ஃப்ளூ வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
ரயில் பட்டறையில் நாற்பது வருடம் இருந்தவர்.
இடப்பக்கக் கோரைப்பல்லும் அடுத்ததும் விழுந்துவிட்டன.
பல் போனால் சொல் போச்சு என்பது நம் கணக்கு.
அவருக்குச் சொல் அப்படியே இருந்தது.
போனது புகை.
வலப்பக்கம் வைத்துப் பார்த்தாராம்,
அடுத்தவன் கட்டிலில் படுத்த மாதிரி இருந்ததாம்.

நிறம் பார்க்க அட்டையை உதட்டருகே பிடித்தேன்.
கடைசி நிறம். தேநீர்க் கறைக்கு ஒரு படி மேலே.
"வெள்ளையாகச் செய்துவிடாதீர்கள்.
இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் வேண்டும்.
பழைய பள்ளம்."

பதினெட்டு வருடமாகப் பள்ளங்களை மறைக்கத்தான்
எனக்குச் சம்பளம்.
பள்ளம் கேட்டு வந்தவர் இவர் ஒருவர்.

அளவுக்காகச் சுங்கானை விட்டுப் போனார்,
செய்தித்தாளில் சுற்றி, அடகு வைக்கிறவர் போல,
எப்போது திரும்பும் என்று மூன்று தடவை கேட்டு.
விளிம்பு ஒருபக்கம் கரிந்து சரிந்திருந்தது.
வாய்முனையில் மேலும் கீழும் பல்தடம்.
உள்ளே கரி படிந்து படிந்து
சுண்டுவிரல்கூட நுழையாது.
அன்று என் அறை முழுக்க
ஈரக் கம்பளியில் தேன் கொட்டி எரித்த வாசம்.

ஆறரைக்கு டாக்டர் இறங்கி வந்தார்.
நான் உலைக்குப் பின்னால் குனிந்திருந்தேன்.
பார்க்கவில்லை.
சுங்கானை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்
தண்டின் அடியில் இருந்த முத்திரையைப் படித்தார்.
உதடு அசைந்தது: பட்டறை, வருடம்.
மேலே, மூன்றாம் தட்டில், இடமிருந்து ஏழாவது
இதன் கூடப்பிறந்தது.
ஒரே வேரில் அறுத்ததாகவும் இருக்கலாம்.
அதற்கு இன்னும் அறுத்த நாளின் வயதுதான்.

பிறகு வாயில் வைத்தார்.

பற்றவைக்கவில்லை. வெறும் காற்றை இழுத்தார்.
கன்னம் குழிந்தது.
பிடிக்க இடம் தேடினார், வலம், இடம், மறுபடி வலம்.
நான் பார்த்த வாய்களிலேயே ஒழுங்கான வரிசை அவருடையது,
எங்கே வைத்தாலும் வழுக்கியது.
சுங்கான் தொங்க, உதட்டோரம் எச்சில் மினுங்க,
அறுபத்திரண்டு வயதில்
மையால் மீசை வரைந்துகொண்ட பிள்ளையின் முகம்.

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தார்.
இருந்த இடத்தில், இருந்த கோணத்தில் வைத்தார்.
சேகரிப்பவர் அல்லவா.

நான் யாரைச் சிரிப்பது?
நகையை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டுக்
கல்யாணத்துக்குக் கவரிங் போட்டுப் போகிறவள்.

வெள்ளிக்கிழமை பல் பொருந்தியது.
சூர்ஃப்ளூ சுங்கானைக் கவ்வினார்.
டக்கென்று சத்தம், தாழ்ப்பாள் விழுவதுபோல்.
கைவிட்டுக் காட்டினார். நின்றது.
ஓர் இழுப்பு இழுத்தவர் புருவத்தைச் சுருக்கினார்.
"ஆஸ்பத்திரி வாசம் அடிக்கிறதே.
யார் வாய்க்குப் போனது இது?"

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்,
ஒவ்வொரு விரலாக, மிகவும் மெதுவாக.

"நான்தான்" என்றேன்.

சூர்ஃப்ளூ என்னை மேலும் கீழும் பார்த்தார்.
கோட்டுப் பையில் கைவிட்டுத் துழாவினார்.
"வெறும் சுங்கானை உறிஞ்சி என்ன ருசி கண்டாய் பெண்ணே,
இந்தா, கொஞ்சம் புகையிலை."