லாபத்துக்கு அடுத்த சொல்

பல்லக்கின் முன்கொம்பில் இடப்பக்கம் என்னுடையது.
உள்ளே இருப்பவன் ஏரம்பன்,
பழுகாமத்து வன்னியனாரின் களஞ்சிய மந்திரி.
காதில் கடுக்கன், இடுப்பில் வெள்ளிப்பூண் போட்ட எழுத்தாணி.
இவனை நான் முதலில் சுமந்தது
மாரி வெள்ளத்தில், நவகிரி ஆற்றில், முதுகில்.
அன்றைக்கு இவன் உடம்பில் இருந்தது
ஒரு கோவணமும் சிரங்கும்.

களவெட்டியில் சிந்திய மணி பொறுக்கப் போவோம்.
போடியார் மரைக்காலைக் கவிழ்க்கக் கவிழ்க்க
இவன் உதடு அசையும்:
லாபம், இரண்டு, மூன்று.
ஒன்று என்று தொடங்கினால் பொலி ஒன்றோடு நின்றுவிடுமாம்.
இல்லை என்ற சொல்லையும் களத்துக்குள் விடக்கூடாது.
வீட்டில் எங்களுக்கு அந்தச் சொல்தான் சோறு.

ஒருநாள் போடியார் எழுபத்தாறில் தடுமாற,
சுளகுக்குப் பின்னாலிருந்து இவன்
"எழுபத்தேழு" என்றான்.
அடி விழுமென்று நான் ஓடிவிட்டேன்.
விழவில்லை.
அந்த ஒரு எண்ணைப் பிடித்து ஏறினான்,
கணக்கனின் ஓலை சுமந்து,
மறுகா ஓலை எழுதி,
மறுகா எழுதியவர்களைத் திருத்தி.
நீயும் ஓடாமல் நின்றிருந்தால் என்று
என் பெண்சாதி இன்னும் கேட்பாள்.

இந்த வருசம் மழை வாகரை மட்டும் வந்து
கிறுகிப் போய்விட்டது.
வட்டை வட்டையாய் ஏரம்பனைச் சுமந்தோம்.
ஒரு களத்தில் இறங்கி
மரைக்காலைத் தானே வாங்கினான்.
கவிழ்த்தான். லாபம் என்றான்.
மறுபடி அள்ளக் குனிந்தான்.
பாயில் பதரும் ஒரு எறும்பு வரிசையும்.
திரும்பும் வழியெல்லாம் திரை மூடியே கிடந்தது.

சபைக்குள் எங்களுக்கு இடமில்லை.
ஆனால் கதவு பழையது, கீழே ஒரு சாண் இடைவெளி.
"விளைச்சல் எப்படி, மந்திரியாரே?"
அங்கேயும் இல்லை என்ற சொல் ஆகாது,
சொன்னவன் ஊர் திரும்பியதாய்க் கேள்வியில்லை.
ஏரம்பன் தொண்டையைச் செருமினான்.
"லாபம்."
சபை சிரித்தது.
யாரோ வெற்றிலைத் தட்டை நகர்த்தினார்கள்.
"அடுத்து?" என்றான் ஓலைக்காரன்.
ஏரம்பன் பேசவில்லை.

வெளியே நாங்கள் நால்வர்,
தோளில் சும்மாடு, எல்லோரும் களத்துப் பிள்ளைகள்,
உதட்டை அசைத்துக்கொண்டு
இரண்டுக்காகக் காத்து நின்றோம்.
சிரிப்பு தூண் தூணாக அடங்கியது.
எழுத்தாணி ஓலையில் படும் சத்தம் இன்னும் கேட்கவில்லை.
பின்கொம்புக் காலிங்கன் என் காதோரம் குனிந்தான்:
"நாளைக்கு ஆரைத் தூக்கப் போறம்கா?"