நானூற்றொன்றாவது தாள்

கூண்டில் ஏறினேன்.
பெயர் இருளாண்டி, தலைமைக் காவலர்.
கோட்டையூரில் ஆறு வாரம் மட்டும்
பினாங்கு நாச்சியப்பன்:
விரலில் பச்சைக்கல் மோதிரம்,
கழுத்தில் அரசாங்கச் செலவில் வாங்கிய அத்தர்.

முதல் தடவை ஒரு எனாமல் தூக்குவாளிதான் கேட்டேன்.
‘விக்கிற சாமான் இல்லைங்க’ என்றான் அடைக்கலம்.
வீடு அவனுடையதல்ல.
பங்காளிகள் பதினேழு பேர், பதினேழு ஊர்,
சாவி மட்டும் அவன் அரைஞாணில்.

அடுத்த தடவை சாமி அறை.
திறந்து காட்டினான். ஒரு சாண் அம்மன்,
அபிஷேகத்தில் மூக்குத் தேய்ந்தவள்.
‘கும்பிட்டுக்கங்க’ என்றான்.
கும்பிட்டேன்,
ஒரு கண்ணைத் திறந்து உயரம் அளந்தபடி.

இரண்டு லட்சம் என்றேன். இல்லை.
பத்து நாள் கழித்து ஐந்து. இல்லை,
ஆனால் அந்த ‘இல்லை’க்கு முன்னால்
கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான்.
அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான்
இன்ஸ்பெக்டருக்குப் போனில் சொன்னேன்.
‘கனிஞ்சிருச்சுய்யா’ என்றார்.

ஐந்தாம் தடவை அம்மாவைக் கொண்டுபோனேன்.
பினாங்கில், பார்வை போய், படுத்த படுக்கையாக;
பிறந்த ஊர்ச் சாமியை ஒருதரம் தடவிப் பார்த்தால்
நிம்மதியாகப் போய்விடுவாள் என்றேன்.
என் அம்மா மானாமதுரையில் செத்துப் பதினோரு வருஷம்.
எழுப்பி,
கண்ணைப் பிடுங்கி,
கப்பலேற்றிவிட்டேன்.

முன்பணம் இரண்டு லட்சம், ஐநூறாக.
எச்சில் தொட்டு எண்ணினான். மறுபடி எண்ணினான்.
‘ஒண்ணு கூட இருக்குண்ணே’
ஒரு தாளைத் திருப்பிக் கொடுத்தான்.
பிறகுதான் அம்மனைத் துண்டில் சுற்றினான்.
நான் தலையைச் சொறிந்தேன்.
அதுதான் சைகை.

மகஜரில் நானூறு தாள்.
மீட்டது நானூறு. கணக்குச் சரி.
நானூற்றொன்று
என் சட்டைப் பையில், எந்தத் தாளிலும் எழுதாமல்.

இதையும் சொல்ல வேண்டும்:
போன வருஷம் இதே மோதிரம், இதே அத்தர்,
ஒரு கிடங்கில் வைக்கோலுக்குள்ளே பதினொரு சிலை.
ஒரே தடவைதான் வாயைத் திறந்தேன்,
‘எத்தனை வேணும்?’ என்றார்கள்.
சாமிகள் ஊர் திரும்பிய அன்று
பெண்கள் குலவையிட்டார்கள்.
நானும் அழுதேன். நடிக்கவில்லை.

‘எத்தனை முறை போனீர்கள்?’
எதிர்த்தரப்பு வக்கீல் உமையாள்
காகிதத்தைப் பார்க்காமல் கேட்டார்.
‘ஒருமுறை.’
‘அவர் கூப்பிட்டாரா?’
‘ரகசியத் தகவலின் பேரில் போனோம்.’
‘நீங்கள் போயிருக்காவிட்டால்
இந்த அம்மன் இன்று எங்கே இருக்கும்?’
அரசு வக்கீல் எழுந்தார்: யூகம், கனம் கோர்ட்டார் அவர்களே.
கேள்வி அடிக்கப்பட்டது.
மேசைமேல்
கழுத்தில் நூல்கட்டிய சீட்டோடு, சான்றுப் பொருள் நான்காக,
அவளும் இருந்தாள்.

காசுக்கு ஆசைப்பட்டானா,
குருட்டுத் தாய்க்கு இரங்கினானா?
குற்றப்பத்திரிகையில் அதற்குக் கட்டம் இல்லை.
அவனுக்கே தெரியுமோ என்னவோ.

வராந்தாவில் இரண்டு போலீசுக்கு நடுவே குந்தியிருந்தான்.
இருளாண்டி, இருளாண்டி என்று
காலையிலிருந்து காதால் கேட்டவன்
‘நாச்சியப்பண்ணே’ என்றான்,
‘அம்மா இருக்காங்களா?’

குத்திக் கேட்டானா, நெசமாகவே கேட்டானா?
இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்.
முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன், இதைத் தவிர.

‘இருக்காங்க’ என்றேன்.
இதற்கு மேலிடத்து உத்தரவு எதுவும் இல்லை.

காரைக்குடி பஸ்ஸில் டிக்கெட்டுக்கு
அந்த ஐநூறை நீட்டினேன்.
‘சில்லறையாக் குடுங்க சார்’
கண்டக்டர் திருப்பிக் கொடுத்தார்.
மடித்து
பழைய இடத்திலேயே வைத்தேன்.