கொசுறு

ஒன்பது மணிக்கு அது வெறும் படகுத்துறை.
ஒன்பதரைக்குச் சந்தை.
வெளித்தீவுப் படகுகள் மூட்டைகளை இறக்க,
மூட்டைகளுக்கு அடியில் தார்ப்பாய்கள் விரிய,
ஊதா உருளைக்கிழங்கு,
கைக்கு அடங்காத பூண்டு,
கயிற்றில் கோத்துப் புகைபோட்ட சிப்பி.
மழையும் வந்தது, விலை கேட்காமல்.

தால்காவிலிருந்து இரண்டு நாள் கார்.
ஃபெர்ரியைத் தவறவிட்டது யார் என்று
முந்தாநாள் தொடங்கிய பேச்சு
நேற்றோடு பேச்சில்லாமல் ஆகியிருந்தது.
மிரேயா முன்னால் போனாள்,
எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தபடி.
நான் பின்னால்,
எதையும் தொடாமல், மனக்கணக்குப் போட்டபடி.
பத்தொன்பது வருஷம்,
எந்த ஊர்ச் சந்தையானாலும்
எங்களுக்கு நடுவே நான்கு கடை.

ஒட்டிலியா நாவெல்கீன் என்ற பெயரெல்லாம்
பிறகுதான் தெரியும்.
அப்போது தெரிந்தது இவ்வளவே:
மிரேயா கையிலிருந்த கம்பளிக் காலுறையை
அந்த அம்மாள் மெல்ல உருவிக் கீழே வைத்தாள்.
"தண்ணி இறங்குது, படகு தரைதட்டிடும்.
கொஞ்சம் பாத்துக்குங்க."
சில்லறை டப்பா என் கையில்.
பச்சை மழைக்கோட்டு சரிவில் இறங்கி மறைந்தது.
விலை சொல்லவில்லை.

ஒரே ஒரு முக்காலி.
மாறி மாறி உட்கார்ந்தோம்.
டப்பாவுக்குள் இரண்டு நாணயம், ஒரு பித்தான்.
இன்னும் போணி ஆகவில்லை.

முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர்
சாம்பல் காலுறையை எடுத்தார்,
உள்ளே கைவிட்டு விரித்துப் பார்த்தார்.
"எவ்வளவு?"
மூவாயிரம் என்று சொல்ல நான் வாயெடுக்க,
"ஒன்பதாயிரம்" என்றாள் மிரேயா.
தக்காளிக்காரன் சொன்ன விலையை
அப்படியே கொடுத்துவிட்டு வருகிறவள்.
"ஜாஸ்தியா இருக்கே."
"இவர் பின்னினது."
என் தோளில் கை.
அந்தக் கை அங்கே வந்து மூன்று நாளாகிறது.
"ஒரு ஜோடிக்கு ஒரு வாரம் ஆகும்.
கண்ணும் முன்ன மாதிரி இல்ல."

அவர் என்னைப் பார்த்தார்.
நான் என் விரல்களைப் பார்த்தேன்,
விபத்துக் காப்பீட்டுப் படிவம் தவிர
வேறொன்றையும் நிரப்பியறியாதவை.
"இடது கால்தான் எப்பவும் படுத்தும்" என்றேன்.
எங்கிருந்து வந்ததோ அந்த வாக்கியம்.
அவர் தலையசைத்தார், ரொம்ப நேரம்.
"குதிகால் திருப்புற எடத்துலயா?"
"அங்கயேதான்."
மிரேயா பூண்டு அடுக்குவதுபோல் குனிந்துகொண்டாள்.
முதுகு குலுங்கியது.

ஒன்பதாயிரம், பேரமில்லாமல்.
எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

நாற்பது நிமிஷம் கழித்து ஒட்டிலியா
டப்பாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.
"ஐயாயிரம்தானே இது. யாரு வாங்கினது?"
அடையாளம் சொன்னோம்.
நல்ல உயரம், பாதி நரைத்த மீசை,
தலையசைப்பில் ஒரு துக்கம்.
அம்மாள் தார்ப்பாய்க் கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
"பௌடிலியோ! என் மச்சினன்.
அவனுக்குக் காலுறை பின்னியே
என் போன குளிர்காலம் போச்சு."
மேல்வரும் நாலாயிரத்தைத் தானே கொடுத்துவிடுவதாகச் சொன்னாள்,
அடுத்த மூச்சில்,
கொடுக்காமலும் இருந்துவிடுவேன் என்றாள்.

இரண்டு கிலோ ஊதாக் கிழங்கு வாங்கினோம்.
"யாப்பா" என்று மேலே ஒரு பூண்டை வைத்தாள்,
கேட்காமல் கிடைத்த கொசுறு.
பையின் ஒரு காதை நான் பிடித்தேன்,
மறு காதை மிரேயா.
ஈரத்தில் கனத்து நடுவில் ஆடியது.

துறையைவிட்டுக் கிளம்பிய படகொன்றில்
பின்பலகையில் அவர்.
எங்களைக் கண்டதும்
நிதானமாக ஒரு பூட்ஸைக் கழற்றினார்,
காலை உயர்த்தி மழையில் காட்டினார்.
சாம்பல் நிறம். அதே பின்னல்.

"இடது கால்!" என்று கத்தினாள் மிரேயா,
தீவுக்கே கேட்கிற மாதிரி.